பலகையில் நான் எழுதாத பெயர்

மகன்,

இன்று போயா, பௌர்ணமி லீவு. கடை பூட்டியிருக்கிறது, உள்ளே நான் மட்டும் இருக்கிறேன். வெளியே வெள்ளை உடுத்தவர்கள் பூவும் கையுமாகத் தலதா மாளிகைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழால் அவர்களுடைய கால்கள் மட்டும் எனக்குத் தெரிகின்றன. காலையில் அம்பிட்டியவிலிருந்து கிளம்பும்போது வேலை இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். "போயா அன்னைக்கும் யாருக்கும்மா டிக்கட்?" என்று நீ பல் விளக்கியபடியே கேட்டாய். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதற்கான பதிலைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். அதனால்தான் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் உனக்குப் போன் எடுத்தேன்.

"கட்டாருக்கு அந்த மெயில அனுப்பிட்டியா மகன்?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லமா. எழுதி வச்சிருக்கேன். ஏன்?"

"அனுப்பாத. நான் வர்ற வரைக்கும் அனுப்பாத."

"ஏன், சீட் ஏதும் கெடச்சிருச்சா?"

"வந்து சொல்றேன்."

"நல்லா இருக்கு. பிளேன் லேட்டுன்னா கவுண்டர்ல நிக்கிறவங்க இப்பிடித்தான் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சரி, ஆறு மணி வரைக்கும் பாக்கிறேன். அதுக்குப் பொறகு அவங்க ஆபிஸ் பூட்டிருவாங்க, எனக்கு மரியாத இல்ல."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரலில் கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய் என்று பயந்தேன். எழுத்தில் இருந்தால் திரும்பவும் படிக்கலாம், கோபப்பட நேரம் கிடைக்கும். ஆகவே எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை விமானத்தில் சீட் இல்லை என்று போன சனிக்கிழமை உன்னிடம் சொன்னது பொய். சீட் இருந்தது. உன் பெயரில் ஒன்றை நானே பிடித்தும் வைத்திருந்தேன். அது கைவிட்டுப் போகும்வரை பார்த்துக்கொண்டு இருந்தேன்.

எங்கள் வேலை எப்படி என்று உனக்குத் தெரியும், இந்தக் கடையின் கதிரைகளில் தூங்கி வளர்ந்தவன் நீ. ஆனாலும் நான் செய்தது என்ன என்று முழுதாக விளங்க வேண்டுமென்றால் மறுபடி சொல்லத்தான் வேண்டும். ஒருவருக்கு சீட் பிடித்தவுடன் டிக்கட்டை அடித்துவிட மாட்டோம். வீட்டில் பேசி முடிவெடுக்க அவர்களுக்குக் கொஞ்ச அவகாசம் உண்டு. அதற்கு ஒரு டைம் லிமிட் வரும், அந்த நேரம் தாண்டினால் கணினி தானாகவே இடத்தைக் கழற்றி இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். யாரையும் கேட்காது. அதற்காகத்தான் முதலாளி நஸீர் நானா என் மேசைக்கு எதிரே வெள்ளைப் பலகை மாட்டினார். இடம் பிடித்தவர் பெயர், அதற்குப் பக்கத்தில் நாள், மணி. லிமிட்டுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது அந்த வீட்டுக்குப் போன் எடுத்தே ஆகவேண்டும். வத்தேகமவில் மழை, லைன் இல்லை என்றால் பக்கத்து வீட்டுக்கு. மடவளைக்காரர் பள்ளிவாசலில் நிற்கிறார் என்றால் அவருடைய மச்சானுக்கு. இருபது வருடமாக அந்தப் பலகையில் ஒரு பெயரைக்கூட நான் தவற விட்டதில்லை. உன் பெயரை நான் பலகையில் எழுதவே இல்லை.

இந்தக் கடைக்கு நான் எப்படி வந்தேன் என்பதை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. அப்போது எனக்கு இருபத்தொரு வயது. உனக்கு இரண்டு. பாடசாலையில் ஏ.எல். படித்து முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருடம் நீ. உன் அப்பா ஏசி திருத்துகிற வேலை பழகியிருந்தார். கண்டிக் குளிரில் யாருக்கு ஏசி வேண்டும்? கட்டாருக்குப் போனால் வேலை இருக்கிறது என்று டிக்கட் எடுக்க இங்கே வந்தோம். அந்தக் காலத்தில் டிக்கட் என்பது கார்பன் தடவிய சிவப்புத் தாள்களை அடுக்கித் தைத்த சின்னப் புத்தகம், கையால் எழுதுவார்கள். நானா எழுதும்போது நான் தலைகீழாக வாசித்து, "பாஸ்போட் நம்பர்ல ஒரு இலக்கம் கூடிப் போச்சுங்க" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "புள்ள, நீங்க எங்க வேல செய்ற?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். "இனி இங்க" என்றார். மறுநாள் மீதித் தாளையும் என்னையே நிரப்பச் சொன்னார். நான் எழுதிய முதல் டிக்கட் உன் அப்பாவுடையது. போக ஒரு தாள், திரும்பிவர ஒரு தாள்.

திரும்பிவரும் தாளுக்கு ஒரு வருட ஆயுள். முதல் மாதங்களில் வெள்ளிக்கிழமைதோறும் போன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு பெருநாளுக்கு ஊருக்கு வந்த ஒருவர் நானாவிடம் ஏதோ சொன்னார், நானா என்னிடம் சொல்ல முடியாமல் இரண்டு நாள் பிளேன்டீ குடித்துக்கொண்டே இருந்தார். அங்கே உன் அப்பாவுக்கு வேறு ஒரு வீடு இருக்கிறது என்பதை நானாவுடைய மனைவிதான் வந்து எனக்குச் சொன்னாள். நான் அழவில்லை. அன்று நாற்பது உம்ராப் பயணிகளின் பெயர்ப் பட்டியல் அடிக்க இருந்தது, அடித்துக் கொடுத்தேன். அந்தத் தாளின் ஒரு வருடம் முடிந்த நாள் எனக்குத் தெரியும். உன்னை நர்சரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து குளிப்பாட்டிச் சோறு கொடுத்தேன். நீ "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டாய். அப்போதுதான் முதல்முறையாக டகோட்டா விமானத்தின் கதையை ஆரம்பித்தேன்.

என்னிடம் வேறு கதை இருக்கவில்லை. கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் படிக்கக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அலுமாரிக்குள் கிடந்த பழைய கால அட்டவணைகள், விமானத்தில் இருக்கையின் பையில் வைக்கிற சஞ்சிகைகள், டி.எஸ். சேனநாயக்க நூலகத்தில் யாரும் எடுக்காத தடித்த புத்தகங்கள். நம் நாட்டுக்கென்று ஒரு விமான நிறுவனம் எப்படி வந்தது, எதை வைத்துப் பறந்தது, எதை இழந்தது என்று படிக்கப் படிக்க அது எனக்கு ஒரு குடும்பக் கதை மாதிரித் தோன்றியது. சுதந்திரம் கிடைக்கப்போகிற நேரத்தில் மூன்று டகோட்டாக்களோடு தொடங்கிய குடும்பம். மூன்றுக்கும் தேவிமாரின் பெயர், ஒன்று சீதாதேவி. "சீதாதேவிக்கு றெக்கை இருந்துச்சாமா?" என்று நீ கேட்டாய். இருந்தது என்றேன். இரத்மலானையில் ஏறினால் காங்கேசன்துறை, அங்கிருந்து மதராஸ். தூரக் கடல்களைத் தாண்ட மட்டும் மற்ற நாட்டுக்காரரின் விமானங்களை நம்பியிருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவ்ரோ வந்தது, இரண்டு விசிறி வைத்தது. பிறகு ஒரேயொரு ட்ரைடன்ட், மூன்று எஞ்சினையும் வாலில் வைத்துக்கொண்டு. "ஒண்ணே ஒண்ணா? அதுக்கு வெளையாட யாரு?" என்று நீ கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம். நம் வீட்டிலும் ஒரே ஒரு பிள்ளைதான் இருந்தான்.

ஒரு நாளைக்கு அந்த முதல் நிறுவனத்தையே மூடிவிட்டார்கள் என்று சொன்ன மாலை நீ சோற்றைத் தள்ளிவிட்டாய். மறுநாளே புதிய ஒன்றைத் தொடக்கிவிட்டதாகச் சொல்லித்தான் உன்னைச் சாப்பிட வைத்தேன். உண்மையில் அதற்கு இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது, ஆனால் ஒரு கவளத்துக்காக அவ்வளவு வரலாற்றைச் சுருக்குவதில் தப்பில்லை. வாடகைக்கு எடுத்த இரண்டு போயிங் எழுநூற்றேழுகள். வாலில் புதிதாக ஒரு மயில். சேலை கட்டிய பெண்கள் வாசலில் நின்று கைகூப்புவார்கள். பிறகு மூன்று எஞ்சின் ட்ரைஸ்டார் வந்தது, உனக்குப் பிடித்தது. நானாவின் மேசையில் இருந்த ட்ரைஸ்டார் பொம்மையின் வால் எஞ்சினை நீ கழற்றி வாயில் போட்டுக்கொண்டதும், அவர் தலைகீழாக உன்னைப் பிடித்து முதுகில் தட்டி அதை வெளியே எடுத்ததும், "ரெண்டு எஞ்சின்லயும் எறக்கலாம் புள்ள, பயப்படாதீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னதும் உனக்கு நினைவிருக்காது. கொஞ்சக் காலம் ஜம்போ இருந்தது. பிறகு நான்கு எஞ்சின் ஏ-முந்நூற்று நாற்பதுகள். போர்க்காலத்தில் ஒரு ஜூலை மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விமானங்கள் எரிந்தன. அந்தக் காலையில் எனக்குப் பதினேழு வயது, வத்தேகமவில் ரேடியோவுக்கு முன்னால் எங்கள் வரிசை வீட்டுக்காரர் எல்லோரும் மூச்சு விடாமல் நின்றோம், அடுத்த நாள் பாடசாலை போகும் வழியில் அடையாள அட்டையை மூன்று சோதனைச் சாவடியில் காட்டினேன். இதை உனக்குச் சொல்லும்போது எரிந்த பகுதியைத் தாண்டிப் போய்விடுவேன். இருந்ததில் ஏறக்குறைய பாதி போய்விட்டது, மீதியை வைத்துக்கொண்டு தொடர்ந்து பறந்தார்கள் என்று மட்டும் சொல்வேன். "மீதிய வச்சிக்கிட்டா?" என்பாய். "மீதிய வச்சிக்கிட்டுத்தான்" என்பேன். அப்படித்தான் நாமும் இருந்தோம்.

இப்போது யோசித்தால் நான் செய்த முதல் பெரிய தவறு அதுதான் என்று தோன்றுகிறது. அப்பாவைப் பற்றி நீ கேட்ட எந்தக் கேள்விக்கும் நான் பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு விமானத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கெட்டவர் என்று சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன், நல்ல சட்டம்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிட்டேன். பத்து வயதில் நீ கேட்பதை நிறுத்திக்கொண்டாய். நான் நிம்மதியடைந்தேன். உனக்குப் பிள்ளைகள் பிறந்தால், அவர்கள் ஒன்றைக் கேட்பதை நிறுத்தும்போது நிம்மதியடையாதே. பதில் கிடைக்காது என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

கேள்வி நின்றது, விமானம் நிற்கவில்லை. கவுண்டரில் நின்ற மடவளை ஹாஜியாரிடம், "நீங்க போறது ஏ-முந்நூத்தி முப்பது, எஞ்சின் ரெண்டுதான்" என்று நீ சொல்ல, அவர் பயந்துபோய், "இந்த மாஸ்டர் சொல்றத பாத்தா நான் கப்பல்லயே போறன்" என்று திரும்பிப் போகப் பார்த்த கதையை நானா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். பிறகு நீ இரத்மலானைக்கு விமான வேலை படிக்கப் போனாய். பிறகு கட்டுநாயக்கவில் நம் நாட்டு விமானங்களைத் திருத்துகிற பெரிய ஹங்கருக்குள் பயிலுனராகப் போனாய். முதல் மாதம் லீவில் வந்தபோது உன் ஓவரோலை நான்தான் தோய்த்தேன். எண்ணெய் போகவே இல்லை. நான் அதைப் போக்குவதற்கு அதிகம் முயலவும் இல்லை. என் கதைகளில் மட்டும் இருந்த வாலின் மேல் நீ உண்மையிலேயே ஏணி வைத்து ஏறியிருக்கிறாய் என்பதற்கு அந்தக் கறைதான் எனக்குச் சாட்சி.

அதனால்தான் இரண்டு மாதத்துக்கு முன் கட்டார் விமான நிறுவனத்திலிருந்து உனக்கு அழைப்பு வந்தபோது நம் விமானங்களைச் சொல்லியே பேசினேன். நான்கு வருடப் பயிற்சி, முடிவில் முழு உரிமப் பத்திரம். உன் வயதில் இங்கே அது கிடைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். குறித்த ஞாயிற்றுக்கிழமை போய் நிற்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அவர்கள் எழுதியிருந்ததும் தெரியும். முதல் பயண டிக்கட்டை மட்டும் நாமே எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள், நீ அதை வாசித்துவிட்டு, "அது நம்ம வீட்டுப் பிரச்சினையே இல்ல" என்று சிரித்தாய். அன்றிரவுச் சாப்பாட்டில் நான் தொடங்கினேன்.

"நல்ல நல்ல கையெல்லாம் வெளிநாட்டுக்குப் போயிருச்சுன்னு நீதானே சொன்ன. நீயும் போயிட்டா நம்ம பிளேன யாரு பாக்கிறது?"

"நான் ஒரு அப்ரன்டிஸ்மா. என்னால ஒரு சக்கரத்தக்கூட தனியா கழட்ட ஏலாது. கையெழுத்துப் போட இன்னொருத்தர் வேணும்."

"மூணு டகோட்டாவ வச்சிக்கிட்டு ஆரம்பிச்சாங்க. பாதி எரிஞ்ச பொறகும் பறந்தாங்க. எல்லாரும் போயிருந்தா?"

"நீங்களே தானே சொல்லித் தந்தீங்க, எழுநூத்தியேழு ரெண்டும் வாடகைக்கு வந்ததுன்னு. இப்ப இருக்கிறதுலயும் முக்காவாசி வாடக. நேத்து மயில் அடிச்சிருந்த பிளேன் இன்னைக்கு வேற நாட்டுல வேற நெறத்துல பறக்குது. அது துரோகமா?"

"பிளேனும் நீயும் ஒண்ணா?"

"இல்ல. நான் கூட சாப்பிடுவேன்" என்று சொல்லி என் தட்டிலிருந்த பொரித்த கருவாட்டை எடுத்துக்கொண்டாய்.

நான் சிரிக்கவில்லை. நாட்டுக்காகக் கவலைப்படுகிற பெண்ணைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அது நடிப்பு என்று அப்போது எனக்கே தெரியாது. அடுத்த வாரங்களிலும் அதையே செய்தேன். நம் நிறுவனம் நெருக்கடியில் இருக்கிறது என்று பத்திரிகையில் வந்த துண்டுகளை வெட்டி உன் மேசையில் வைத்தேன். நீ அவற்றை வாசித்து முகம் வாடினாய். உண்மையிலேயே வருந்தினாய், ஏனென்றால் அந்த விமானங்களை நீ நேசிக்கிறாய். உனக்கு நான் கொடுத்த ஒரே பெரிய பரிசை எடுத்து அதையே உன் காலில் கட்டினேன் மகன். நாட்டின் பெயரைச் சொல்லி உன்னை யாராவது நிற்கச் சொன்னால், இனிமேல் அவர்கள் முகத்தை ஒரு நிமிடம் பார். உண்மையாகவே நாட்டுக்காகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அந்த ஹங்கரிலேயே இருக்கிறார்கள், அவர்களை மதி. ஆனால் சிலபேர் என்னைப் போல இருப்பார்கள். தனியாகச் சோறு தின்னப் பயப்படுகிறோம் என்று சொல்ல வெட்கப்பட்டு நாட்டைத் துணைக்கு அழைப்பார்கள்.

போன வியாழக்கிழமை லீவில் வந்திருந்த நீ பாஸ்போட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய். "வெள்ளிக்கிழம பின்னேர பிளேன் போதும்மா, நம்ம மயிலிலயே போறேன், அங்க போய் மத்தவன் பிளேன பாத்துக்கலாம்" என்றாய். நான் இடம் பிடித்தேன். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிவரை லிமிட் வந்தது. பேனாவை எடுத்தேன், பலகைக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே எட்டுப் பெயர் இருந்தது. உன்னுடையதை ஒன்பதாவதாக எழுதியிருக்க வேண்டும். அப்போது ஒரு வாடிக்கையாளர் வந்தார், பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு எழுதலாம் என்று நினைத்தது முதல் முறை மறதி. இரண்டாவது முறை மறதியில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு, வேறு யாராக இருந்தாலும் போன் எடுத்திருப்பேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். பன்னிரண்டு தாண்டிச் சில நிமிடத்தில் உன் பெயர் இருந்த வரி இல்லாமல் போனது. எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது, அதை நினைத்துத்தான் இப்போது எழுதமுடியாமல் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து, எல்லாம் ஃபுல், அதற்கு முந்திய நாளும் ஃபுல், மற்ற கம்பனிகளிலும் இல்லை என்றேன். உன் கையில் போன் இருந்தது. ஒரு நிமிடம் தட்டிப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். நீ பார்க்கவில்லை. "நீங்களே இல்லன்னு சொன்னா வேற எவன்மா குடுக்கப் போறான்" என்றாய். கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றாய். பிறகு உள்ளே வந்து, அவர்களிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாய். திங்கட்கிழமை அவர்கள் முடியாது என்று பதில் போட்டார்கள். நீ அதைப் படித்து, வரவில்லை என்று ஒரு மெயிலை எழுதி வைத்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னாய். "பரவாயில்லமா, நம்ம ஹங்கர் இருக்கு" என்று என் தோளில் தட்டினாய். இருபத்திரண்டு வருடத்தில் நீ எனக்குக் கொடுத்த எந்த அடியும் அவ்வளவு வலித்ததில்லை.

நேற்றுக் காலை நானா வழக்கம்போல ஒரு வாரமாகக் கழன்று போன இடங்களின் பட்டியலைப் பார்த்தார். வழக்கமாக அது வெறுமையாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டார்.

"புள்ள, இங்க ஒரு கென்சல் ஈக்கி."

நான் கணினியில் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"இருவது வருசத்துல ஒண்டு. அதும் ஒங்கட மகன்ட."

"மறந்துட்டேன் நானா."

"மறக்கிற ஆளா நீங்க? நான் என்ட பாஸ்போட்ட எங்க வச்சேன்டு எனக்கு தெரியா, ஒங்களுக்கு தெரியும்." அவர் எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். அதில் உன் பெயர் அழிந்த தடம்கூட இல்லை என்பதைப் பார்த்தார். "என்ட மூத்தவன் லண்டனுக்கு போகக்குள்ள நான் அவன்ட பாஸ்போட்ட மூணு நாள் ஒளிச்சி வச்சேன். அவன்ட உம்மாக்கும் சொல்லல்ல. கடைசீல நானே எடுத்து குடுத்தேன். இன்னைக்கும் அவனுக்கு தெரியா."

"ஏன் சொல்லல நானா?"

"சொல்லியிருந்தா நல்லம். இப்ப அவன் போன் எடுக்கிற நேரமெல்லாம் நான் ஒரு கள்ளன் மாதிரி பேசுறன்." பிறகு தன் கதிரைக்குப் போய் உட்கார்ந்து, கணினியைப் பார்த்தபடியே சொன்னார். "நான் ஒங்கள ஒண்டும் கேக்கல்ல. நாளைக்கி போயா. கட பூட்டு. சாவி ஒங்கட்டதானே ஈக்கி."

ஆகவே வந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேர விமானத்தில் காலையில் மூன்று இடம் மிச்சம் இருந்தது. ஒன்றைப் பிடித்தேன். இம்முறை லிமிட்டுக்கு விடவில்லை, பிடித்த கையோடு டிக்கட்டை அடித்தேன். அடித்துவிட்டுத்தான் உனக்குப் போன் எடுத்தேன். அந்த மெயிலை நீ அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அவர்களுக்கு நானே எழுதியிருப்பேன், இது என் பிழை, என் மகனுடையது இல்லை என்று. அதற்கான வார்த்தைகளைக்கூட பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன்.

அங்கே போனபின் ஒரு விஷயம் உனக்கு வரும் என்று எனக்குத் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் உன் அப்பா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், எனக்கு நிச்சயமாகத் தெரியாது. கடைசியாக அவர் இருந்ததாகக் கேள்விப்பட்ட இடத்தின் பெயரைத் தனியாக ஒரு தாளில் எழுதி உன் பாஸ்போட்டுக்குள் வைக்கிறேன். தேடினால் தேடு, தேடாவிட்டால் கிழித்துப் போடு. நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்பேன், நடுவில் விமானக் கதை எதையும் எடுக்கமாட்டேன். அவருக்கு நன்றாகப் பாடவரும். கோபம் வந்தால் கதவைச் சாத்தமாட்டார், வெளியே போய் நடந்துவிட்டு வருவார். உனக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. அவரைப் பற்றி நான் உனக்கு முதல்முதலாகச் சொல்லும் இரண்டு விஷயம் இவை.

எனக்கு உன் வேலை தெரியாது, ஆனால் பெயர் போட்டுக் கையெழுத்து வைக்கிற வேலை என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒரு திருகாணியை இறுக்கினாலும் யார் இறுக்கியது என்று எழுத வேண்டும். பிழையாக இறுக்கினோம் என்று பிறகு தோன்றினால், விமானம் ஓடுபாதையில் நின்றாலும் போய்ச் சொல்லவேண்டும், அப்படிச் சொன்னவரை யாரும் திட்டுவதில்லை என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னாய். உன் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நான் நான்கு நாள் தாமதமாகச் சொல்கிறேன். நீ வீட்டிலும் அந்த ஒழுங்கை வைத்திரு. நாளைக்கு உன்னோடு வாழ வருகிறவளிடமும், உன் பிள்ளைகளிடமும். பிழை செய்யாமல் இரு என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. சொல்வதற்குத் தாமதிக்காதே என்று சொல்ல மட்டும் தகுதி வந்திருக்கிறது.

நம் விமான நிறுவனத்தைப் பற்றியும் கவலைப்படாதே என்று சொல்லமாட்டேன். கவலைப்படு. அது உன் கவலைதான். நீ கற்றுக்கொண்டு திரும்பி வந்தால் சந்தோஷப்படுவேன், வராவிட்டால் இந்த மேசையிலிருந்தே அதற்கு டிக்கட் விற்றுக்கொண்டிருப்பேன். எனக்கு அதில் வேறு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. உன்னை நிறுத்துவதற்காக நான் சொன்ன அந்த டகோட்டாவையும் எரிந்த விமானங்களையும் உன்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. அவை உன்னுடையவை, உனக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டவை. நான் அவற்றைத் தவறாகக் கையாண்டதற்காக அவற்றை வெறுத்துவிடாதே.

இப்போது மணி மூன்றரை. இதை மடித்து எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் திரீவீலில் வருகிறேன். உன் கையில் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் உடுப்புக் காயப்போடும் இடத்தில் போய் நிற்பேன். கத்த வேண்டும் என்றால் அங்கே வந்து கத்து, பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நடக்கப் போவதென்றால் போய்விட்டு வா. ஒன்றை மட்டும் கேட்கிறேன். என் மேல் இரக்கப்பட்டு நின்றுவிடாதே. வேறு காரணம் இருந்தால் நில், அது உன் தீர்மானம். ஆனால் நான் ஒளித்து வைத்து வாங்கப் பார்த்ததை நீயாக எடுத்து என் கையில் தந்துவிடாதே, என்னால் அதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் இருக்க முடியாது. கோபத்தோடு போகலாம். கோபத்தோடு போகிறவர்களும் போய்ச் சேர்ந்ததும் போன் எடுக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஏர்போட் போக வாடகை வான் சொல்லியிருக்கிறேன். உனக்கும் உன் பெட்டிகளுக்கும் மட்டுந்தான் சொன்னேன். கட்டுநாயக்க வரை எனக்கும் அதில் ஓர் இடம் போடுவதா என்று டிரைவர் கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அதை நீதான் சொல்லவேண்டும்.

அம்மா